லேடி மார்கரெட்டின் கப்பல்கள்

ஆரணியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மதியத்துக்குக் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தில் பாதியை ஒரு டப்பாவில் போட்டு, பார்சல் கட்டும் அக்காவிடம் கொடுத்தேன். டப்பா திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்கிருந்ததே அந்த ஒரு நல்ல டப்பாதான். கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"கழுவித்தாம்மா வச்சிருக்கேன்," என்றார். "உள்ள போட்டுக் குடுக்கற மாரி ஊட்ல ஒண்ணும் அமையல. வெறும் டப்பாவ எப்பிடிக் குடுக்கறது? வாயத் தொறந்துகினு நம்மளயே பாக்கும்."

அது திரும்பி வந்தபோது உள்ளே முருங்கைக்கீரை அடை இருந்தது. அடுத்து நான் வெறும் டப்பாவாகக் கொண்டுபோக முடியுமா? புளியோதரை போட்டுக் கொண்டுபோனேன். அவர் சுண்டல் போட்டுத் தந்தார். இப்படியே போய், மூடி உடைந்த அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

நான் அந்தப் பட்டுப் புடவைக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். கடை என்றால் தெருவைப் பார்த்த கண்ணாடிக் கடை இல்லை. வெளியூர்க் கடைகளுக்கும், போனில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் புடவை அனுப்பும் இடம். என் மேசைக்குப் பின்னால் நீளமான ஒரு மேடை. அதில் நின்றபடி மற்ற பெண்கள் மடித்துத் தரும் புடவைகளை அட்டைப்பெட்டியில் வைத்து, ஒட்டுநாடா சுற்றி, முகவரி ஒட்டுவது அக்காவின் வேலை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் பவர்லூம் கொட்டகையில் தறி ஓட்டுகிறவர். பிள்ளை வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. ஆனால் கடையில் எல்லோருக்கும் அவர் பார்சல் அக்காதான்.

முகவரி ஒட்டும்போது ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படிப்பார். "காரைக்குடி" என்பார். சற்று நிறுத்தி, "அங்க வெயில் எப்பிடி கீதோ" என்பார். வேலூரையும் காஞ்சிபுரத்தையும் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனால் அவர் கட்டிய பெட்டிகள் போகாத ஊர் கிடையாது.

பெட்டியை மூடுமுன் புடவையின்மேல் ஒரு சின்ன மஞ்சள் பொட்டலம் வைப்பது வழக்கம். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார்.

"இன்னாமா இது? புடவதான கேட்டாங்க. மஞ்சளா கேட்டாங்க? கொரியர்காரன் எடை போட்டு இல்ல வாங்கறான்."

"சரிங்க," என்றார் அக்கா. மறுநாளிலிருந்து மஞ்சள் நின்றது. அதற்குப் பதிலாக, மேடைக்கடியில் விழும் பட்டு நூல் துணுக்குகளைப் பொறுக்கி, விரலில் சுற்றி முடிந்து, காசளவு பூ ஒன்று செய்து, நூல் கிடைத்த நாளிலெல்லாம் வைத்தார். தராசுக்கே தெரியாத எடை. சில மாதங்கள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். புடவை அருமை, நிறமும் சரி, ஆனால் போன தடவை வந்த பூ ஏன் இந்தத் தடவை வரவில்லை என்று கேட்டார். முதலாளி போனை வைத்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பி, "எம்மா, பூவ உட்டுடாத" என்றார். அன்று முழுக்க அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினார்.

அவரை விளையாட்டுக்குள் இழுத்துவிட்டது நான்தான். அதில் என் நல்ல எண்ணம் எதுவும் இல்லை. அப்போது என் போனில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று விளையாடிக்கொண்டிருந்தேன். பாய்மரக் கப்பல் காலத்துக் கதை. ஒரு தீவு, ஒரு கப்பல், கொஞ்சம் குடிகள் என்று ஆரம்பிக்கும். மரம் வெட்டி வீடு கட்ட வேண்டும், வயல் போட வேண்டும், மாவு அரைக்கக் காற்றாலை வைக்க வேண்டும். ஊர் வளர வளர, குடிகள் துணி கேட்பார்கள், உப்பு கேட்பார்கள், மிளகு கேட்பார்கள். எல்லாம் ஒரே தீவில் விளையாது. கப்பலில் சரக்கேற்றிக் கடலுக்கு அனுப்ப வேண்டும். கடல் முழுக்க முதலில் கறுப்புப் பனிதான் மூடியிருக்கும். கப்பல் போகப் போகப் பனி விலகும். புதுத் தீவு தெரியும். அந்தத் தீவில் நம்மைப் போலவே எங்கோ போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஊர் கட்டிக்கொண்டிருப்பார். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் எனக்கு ஒரு கப்பல் இனாம். அதற்காகத்தான் ஒரு சாயங்காலம் அக்காவின் போனை வாங்கி அதை ஏற்றினேன். பெயர் கேட்டது. அதுவே ஒரு பெயரையும் ஒரு படத்தையும் காட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்று அழுத்திக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி. அடியில் லேடி மார்கரெட் என்று எழுதியிருந்தது.

"யாரும்மா இவ? எம் போன்ல வந்து குந்திகினு கீறா?"

"அது நீங்கதாங்க்கா."

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "தொப்பி நல்லாத்தான் கீது," என்றார்.

நான் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், மேடையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பார். தப்புத் தப்பாக விளையாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். பனிக்குள் வழி தேடிப் போகும் கப்பலை வெறுமையாக அனுப்பினால்தான் வேகமாகப் போகும். விளையாட்டே அதைச் சொல்லும். அக்கா அதில் ரொட்டி ஏற்றினார்.

"எதுக்குக்கா? அங்க யாரு கீறாங்கன்னே தெரியாதே."

"தெரியாதவங்க ஊட்டுக்குத்தாம்மா வெறுங்கையா போவக் கூடாது."

அந்தக் கப்பல் ஆமை மாதிரி நகர்ந்து, ஒருநாள் மதியம் பனியை விலக்கி ஒரு தீவைக் கண்டுபிடித்தது. காய்ந்துபோன சின்ன ஊர். அதன் சொந்தக்காரர் கேப்டன் எட்வர்ட். படத்தில் தொப்பியும் நரைத்த தாடியும் வாயில் புகையும் சுங்கானுமாக இருந்தார். அவருடைய தீவில் கோதுமையே விளையாது போலிருக்கிறது. வீடுகளுக்குமேல் பசிக்குறி மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ரொட்டி முழுவதையும் அவர் துறைமுகத்தில் இறக்கிவிட்டார். கப்பல் திரும்பி வந்தபோது அக்கா போட்ட சத்தத்தில் மடிப்பு கலைந்த புடவையோடு மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

"உப்பு! உப்பு ஏத்தி அனுப்பிச்சிருக்காரு! வெறுங்கப்பலா அனுப்பல பாத்தியா? வெள்ளக்காரருன்னாலும் மொற தெரிஞ்ச மனுசன்!"

அன்றைக்குத் தொடங்கியது அந்தப் போக்குவரத்து. இங்கிருந்து கோதுமை போகும். அங்கிருந்து உப்பு வரும். பிறகு இவர் துணி அனுப்பினார். அவர் மீன் அனுப்பினார். விளையாட்டில் கடிதம் எழுதுகிற வசதி இருந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ஆனால் முறை தெரிந்த மனிதருக்குப் பதில் போடாமல் இருப்பதெப்படி? என்னைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, கோதும அனுப்பியிருக்கேன்னு எப்பிடி சொல்றது? சீக்கிரம் சொல்லு, கப்பல் போயிகினே கீது." நான் சொல்லிக் கொடுப்பேன். அவர் தன் இஷ்டத்துக்கு அதை மாற்றி அடிப்பார்.

"குட் மார்னிங் சார். வீட் கம்மிங். ஈட் வெல்."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "தேங்க்யூ மேடம். யுவர் வீட் வெரி டேஸ்ட். ஆல் பீப்பிள் ஹேப்பி. ஹவ் இஸ் யுவர் ஹெல்த்."

"பாரு, ஒடம்பு எப்பிடி கீதுன்னு கேக்கறாரு," என்று போனை எல்லோரிடமும் காட்டுவார். கேப்டனின் இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டுகிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வேறு ஏதோ நாட்டுக்காரராக இருப்பார் என்று விட்டுவிட்டேன். அக்காவைப் பொறுத்தவரை அவர் இங்கிலாந்துதான். தொப்பி அப்படி.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவிடம் பழகப் பழக எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் வளர்ந்தது. அவருக்கு யாரும் எதுவும் செய்யவே முடியாது.

ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டார். கடையிலிருந்து நாங்கள் மூன்று பேர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். எங்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் கத்தக் கத்த அடுப்பைப் பற்ற வைத்துக் கேசரி கிண்டினார். வீங்கிய விரல்களில் கரண்டி நிற்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசல்வரை வந்த அவர் கணவர் தறிச் சத்தத்தில் வாழ்ந்த பழக்கத்தில் உரக்கச் சொன்னார்:

"இவளுக்கு யாராவது ஏதாவது குடுத்துப் பாருங்களேன். செவுத்துல பந்து அடிச்ச மாரிதான். அடுத்த நிமிசம் நம்ம கைக்கே வந்துடும்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நானே கல்யாணம் ஆனதுலேர்ந்து அவளுக்கு ஒரு காபி போட்டுக் குடுத்ததில்ல. உட்டாத்தான?" என்றார்.

அதற்கு அடுத்த கோடையில் கேப்டன் எட்வர்டைக் காணவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வாரம் ஆயிற்று. அவர் ஊரில் காற்றாலைகள் நின்றன. ரொட்டி இல்லாத வீடுகளில் விளக்கு அணைய ஆரம்பித்தது. அந்த விளையாட்டில் பசி முற்றினால் குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு படகேறிப் போய்விடுவார்கள். அக்கா பதறிப்போனார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லயோ? கப்பல்ல போற மனுசன்."

"அக்கா, அவரு நெஜமா கப்பல்ல போறவரு இல்ல."

"தெரியும்மா. ஆனா எங்கியோ குந்திகினுதான இருந்தாரு? இப்ப எங்க குந்திகினு கீறாரோ?"

தன் கப்பல்கள் எல்லாவற்றையும் அந்தத் தீவுக்குத் திருப்பினார். காலையில் டீ குடிக்கும்போது ஒரு நடை ரொட்டி, மதியம் ஒரு நடை, வீட்டுக்குப் புறப்படுமுன் ஒரு நடை. அங்கிருந்து சரக்கேற்றி அனுப்ப ஆளில்லை. கப்பல்கள் வெறுமையாகத்தான் திரும்பின. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். இங்கே அவர் சொந்த ஊரில் ரொட்டி குறைந்து, வீடுகளுக்குமேல் சிவப்பு முகங்கள் முறைத்தன. அக்கா போனைப் பார்த்து அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோச்சுக்காதீங்க. பக்கத்தூட்ல அடுப்பு எரியல. இன்னிக்கி ஒரு வேள கம்மியா துன்னுங்க."

அந்த விளையாட்டில் இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருப்பார்கள். இவர்கள் கூட்டணியின் தலைவர் எந்த நாட்டுக்காரரோ, எதையும் பெரிய எழுத்திலேயே எழுதுவார். ரொம்ப நாளாக வராத ஊர்களை ஞாயிற்றுக்கிழமை நீக்கப்போவதாக அறிவித்தார். நீக்கிவிட்டால் அந்தத் தீவு நம் வரைபடத்திலிருந்தே போய்விடும். மறுபடியும் கறுப்புப் பனி மூடிக்கொள்ளும். கேப்டன் எட்வர்டின் பெயர் முதலில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மடிப்புக்காரப் பெண்கள், நான், லோடு இறக்க வந்த அண்ணன் ஒருவர் எல்லோரும் மேடையைச் சுற்றி நின்றோம். நான் நல்ல இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. "உன் இங்கிலீஷு மனு குடுக்கற மாரி கீது. நானே சொல்றேன்," என்று ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார்.

"சார். கேப்டன் குட் மேன். சம் பிராப்ளம். நோ த்ரோ."

விதி விதிதான் என்று தலைவர் பெரிய எழுத்தில் பதில் போட்டார். அக்காவின் மூக்கு விடைத்தது.

"தென் த்ரோ மீ ஆல்சோ."

எல்லோரும் போனுக்குமேல் குனிந்தோம். பிறகு யாரோ ஒரு முகம் தெரியாத ஆள், லேடி மார்கரெட்டோடு நானும் போகிறேன் என்று எழுதி ஒரு சின்னக் கொடி போட்டார். அடுத்து இன்னொரு கொடி. பிறகு நாலைந்து சேர்ந்து வந்தன. திரை கொடியாகவே நிரம்பியது. அந்த ஊர்க்காரர்களில் பலருக்கும் அக்காவின் கோதுமை எப்போதோ ஒருநாள் போயிருக்க வேண்டும். தலைவர் இறங்கி வந்தார். இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார், இந்தத் தடவை சின்ன எழுத்தில்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள், பெட்டிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்த அக்காவின் போன் சிணுங்கியது. கேப்டன் எட்வர்ட். அக்கா நாடாவை அப்படியே தொங்கவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சாரி மேடம். மை மதர் ஃபால். ஹிப் போன் பிரேக். வேலூர் ஹாஸ்பிடல் ஆபரேஷன். நவ் ஓகே. ஹூ கிவ் பிரெட் மை டவுன்? யூ? காட் பிளெஸ் யூ மேடம்."

"அவங்கம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிடுச்சாம்," என்றார். கண் கலங்கிவிட்டது. "இப்ப பரவால்லயாம். வேலூர் ஆஸ்பத்திரியில..." நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்கிலாந்துலயும் ஒரு வேலூர் கீதா?"

நான் போனைப் பிடுங்கிப் படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றது, அப்புறம் முதுகு சிலிர்த்தது. அக்காவைக் கேட்காமலே தமிழில் அடித்தேன். நீங்கள் தமிழா?

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின.

"அய்யோ. ஆமாங்க. நீங்களுமா?"

"நாங்க ஆரணி."

"நான் வந்தவாசிங்க."

"வந்தவாசி!" என்று அக்கா அலறினார். உள்ளறையிலிருந்து முதலாளி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "இன்னா ஆச்சு? வந்தவாசி பார்சல் இன்னா ஆச்சு?"

அக்கா மேடைமேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு வருடமாக, இருவரும் தெரியாத இங்கிலீஷில் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவாசி போவதென்று முடிவாயிற்று. ஆபரேஷன் ஆன அம்மாவைப் பார்க்க வேண்டுமல்லவா. பஸ் ஸ்டாண்டிலேயே வந்து கூட்டிப்போவதாகக் கேப்டன் எழுதினார். போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "முன்னபின்ன பாக்காத ஆம்பளகிட்ட நம்பரு எப்பிடிம்மா கேக்கறது? அவரும் மரியாத தெரிஞ்சவரு, அதான் கேக்கல," என்றார். துணைக்கு நான். அவர் கணவர், "கப்பல்காரர நானும் வெசாரிச்சேன்னு சொல்லு" என்று அனுப்பி வைத்தார்.

அக்கா சனிக்கிழமையே லீவு போட்டுவிட்டார். மறுநாள் காலை ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் கொண்டுவந்த கட்டைப் பையை இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. அதிரசம், முறுக்கு, பருப்புப் பொடி, நோயாளிக்குக் கஞ்சி மாவு, இடுப்புக்குத் தைலம், கேப்டனின் மனைவிக்கு ஒரு ரவிக்கைத் துண்டு, பிள்ளைகள் இருந்தால் கொடுக்கக் கடலை உருண்டை. "மனைவி இருக்காங்களான்னே தெரியாதேக்கா." "இல்லன்னா அம்மாவுக்கு ஆவுது."

அது திண்டிவனம் போகும் பஸ். ஏகக் கூட்டம். நடத்துநர் பையை முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். நாங்கள் பின்னால் தள்ளப்பட்டுவிட்டோம். வந்தவாசியில் பின்வாசல் வழியாகப் பிதுங்கி இறங்கினோம். அக்கா புடவையைச் சரிசெய்து, கொண்டையைத் தொட்டுப் பார்த்து, "தொப்பி போடாததுதான் கொற" என்று சிரித்தார். அப்புறம் குனிந்து பையைத் தேடினார்.

பஸ் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியேறித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினேன். தெருமுனை வரைக்கும்தான் முடிந்தது.

திரும்பி வந்தபோது அக்கா சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"ஆரணி பஸ் எங்கம்மா நிக்கும்?"

"இன்னாக்கா சொல்றீங்க? அவரு வந்துகினு இருப்பாரு."

"வெறுங்கையா நோயாளியப் பாக்கப் போறதா? முத தடவ ஒரு ஊட்டு வாசப்படி மிதிக்கறோம். வேணாம்மா. இன்னொரு நாளு வரலாம். ஏதாவது சாக்கு எழுதிடு."

"பழம் வாங்கிக்கலாங்க்கா."

"கடப் பழமா?" என்றார். அதில் இருந்த துயரத்தை என்னால் எழுத முடியாது. நிஜமாகவே எழுந்து ஆரணி பஸ்ஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உதறினார். அந்த நேரத்தில் அவர் போன் சிணுங்கியது. நான் வாங்கிப் படித்தேன். "வந்துட்டேங்க. பச்சைப் புடவை."

"பச்சப் புடவையா?" என்றார் அக்கா, அழுகைக்கு நடுவில். "ஊட்டுக்காரம்மாவ அனுப்பிச்சிருக்காரு போல."

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி கையில் போனோடு அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார். எங்களை இரண்டு தடவை தாண்டிப் போனார். மூன்றாம் தடவை நின்றார். அக்காவின் வயதுதான் இருக்கும். மல்லிகைப்பூ வைத்திருந்தார்.

"ஆரணியிலிருந்து...?"

"ஆமாங்க," என்றார் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கேப்டன் சாரு வரலீங்களா?"

அந்தப் பெண்மணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, மெல்லிய குரலில் சொன்னார்: "நான்தாங்க கேப்டன்."

அக்காவின் கண் அந்த முகத்தில் தாடியைத் தேடியது.

"அதுவா குடுத்த பேருங்க. தாடி வச்ச மூஞ்சியும் அதுவா குடுத்ததுதான். மாத்தத் தெரியல. நீங்க சார் சார்னு எழுதினீங்களா, நான் ஒரு பொம்பளன்னு இங்கிலீஷ்ல எப்பிடி சொல்றதுன்னும் தெரியல. உங்களுக்குப் பதில் போடறதுக்குன்னே டிக்ஷனரி வாங்கி வச்சிருக்கேங்க."

"அய்ய, நானும் உங்களுக்குப் பதில் போடத்தாங்க இவள போட்டு பேஜார் பண்ணிகினு இருந்தேன்!"

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. சிரிப்பின் பாதியில் அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் மறுபடி சுருங்கியது.

"பை போச்சுங்க. எல்லாம் செஞ்சு எடுத்துகினு வந்தேன், பஸ்ஸோட போயிடுச்சு. கையில ஒண்ணுமில்ல. நான் இப்பிடியே திரும்பிடறேங்க. இன்னொரு நாளிக்கி வந்து..."

கேப்டன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா கால்மாட்டுல நான் குந்திகினு இருந்தப்ப எங்க ஊருக்கே சோறு போட்டீங்க. இன்னும் இன்னா எடுத்துகினு வரணும்? நீங்க எப்பவுமே ரொப்பி ரொப்பி அனுப்பினா நான் எங்கதாங்க ஏத்தறது? இன்னிக்கித்தான் எடம் காலியா கீது. வாங்க, ஜல்தி. அம்மா காலையிலேருந்து வாசலயே பாத்துகினு கீறாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தேன். அவர் கேப்டனோடு நடந்தார்.

கேப்டன் கோரைப்பாய் நெய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். தாயும் மகளும் மட்டும் இருக்கும் இரண்டு அறை வீடு. கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "இவங்கதான் கோதும அனுப்பிச்ச வெள்ளக்காரம்மாவா? தமிழு நல்லா பேசறாங்களே!" என்றார். அன்று கறிக்குழம்பும் தோசையும். அக்கா மூன்று தடவை உதவிக்கு எழுந்தார். மூன்றாம் தடவை அந்தக் கிழவி கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "குந்து" என்றார். அக்கா உட்கார்ந்தார். முதலில் அவர் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், முந்தானையை முறுக்கினார். சூடாகத் தோசை விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கைகள் அடங்கிவிட்டன. இன்னும் ஒரு தோசை என்று அவரே கேட்டதை நான் காதால் கேட்டேன்.

சாப்பாட்டுக்குப்பின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போன்களை மாற்றிக்கொண்டார்கள். அடுத்தவர் ஊரை விளையாட்டில் கடலிலிருந்துதான் பார்க்க முடியும்; துறைமுகம், கூரைகள், காற்றாலைகளுக்குமேல் தெரியாது. கேப்டன் தன் தீவைத் திறந்து காட்டினார். துறைமுகத்துக்குப் பின்னால், கடையோ கிடங்கோ வைக்க வேண்டிய நல்ல இடத்தில், வரிசையாகப் பூந்தோட்டம்.

"இங்க எதுக்குங்க தோட்டம்? எடம் வீணா போவுதே," என்றார் அக்கா.

"உங்க கப்பல் வர்ற வழிங்க இது," என்றார் கேப்டன்.

சாயங்காலம் ஆரணி பஸ்ஸில் ஏறும்போது எங்களிடம் ஒரு சுருட்டிய பாய், அதற்குள் சின்னதாக இன்னொரு பாய், ஒரு தூக்கு நிறையக் குழம்பு, புளி, இரண்டு பூசணிக்காய், ஒரு ரோஜாச் செடி. நடத்துநர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இன்னாமா இது? பஸ்ஸ கப்பல்னு நெனச்சுகினீங்களா?"

அவ்வளவுதான். அக்கா பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சுத் திணறச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற கேப்டனும் சிரித்தார். நடத்துநர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ஊர் தாண்டியதும் காற்று வந்தது. வந்தவாசிக்கு அடுத்து என்ன அனுப்புவது என்று அக்கா கணக்குப் போட ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ரோஜாச் செடியைக் காற்று படாமல் மடிக்குள் வைத்துக்கொண்டு வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினார்.

"எம்மா, இன்னிக்கி நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல."

"ஆமாங்க்கா."

யோசித்தார். பிறகு, ஏதோ ரகசியத்தை ஒப்புக்கொள்வதுபோல என் காதருகே குனிந்தார்.

"நல்லாத்தாம்மா கீது."